நினைவுப் படம்: சின்ன ஃபோட்டோவிலிருந்து பெரிய படம் எடுக்கும்போது எங்கே தவறுகிறது?

ஒளிமானி:

இறந்தவரின் நினைவுப் படம் கேட்டு வருகிறவர்களிடம் நேரம் இருக்காது, பெரும்பாலும் ஓர் இரவுதான். கையில் இருப்பது ஒரு திருமணக் குழுப் படம், அல்லது அடையாள அட்டைக்கு எடுத்த சின்னப் படம், அல்லது பத்துப் பேர் கைமாறித் தேய்ந்துபோன ஒரு கோப்பு. கிடைத்ததைப் பெரிதாக்கிக் கொடுத்துவிடுகிறோம். மறுநாள் வீட்டார் பார்த்துவிட்டு, "அவங்க மாதிரியே இல்லையே" என்கிறார்கள். அந்தச் சொல் வராமலிருக்க என்ன செய்யலாம் என்பதை ஒரே இடத்தில் சேர்த்து வைக்கத்தான் இந்த இழை. தொழில் தெரிந்தவர்கள் தாராளமாகத் திருத்துங்கள்.

என் பங்குக்கு முதல் கணக்கு. கோப்பு எத்தனை மெகாபிக்சல் என்பது இங்கே உதவாது. உச்சந்தலையிலிருந்து மோவாய் வரை முகம் எத்தனை பிக்சல் என்று பாருங்கள். 12×18 அங்குலப் படத்தில் தோள் தெரிய வைத்தால் முகம் ஏறத்தாழ 6 அங்குல உயரம் வரும். ஒன்றிரண்டு மீட்டர் தள்ளி நின்று பார்க்கிற சுவர்ப் படத்துக்கு அங்குலத்துக்கு 150 பிக்சல் போதும். ஆக முகத்துக்கு 900 வேண்டும். 450தான் இருக்கிறதென்றால் 8×10-க்கு இறங்கி முகத்தை 3 அங்குலத்தில் வையுங்கள், தெளிவு அப்படியே இருக்கும். குழுப் படத்தில் முகமே 100, 120 பிக்சல்தான் என்றால் இமையின் மடிப்புகூடப் பதிவாகியிருக்காது. பதிவாகாததை எந்த மென்பொருளும் மீட்காது, புதிதாக வரையும். வேறு முகம் வருவது அங்கேதான்.

அதனால் கணினியைத் திறக்கும் முன் அரைமணி நேரம் தேடச் சொல்லுங்கள். அந்தப் படத்தை எடுத்தவர் யார், அவர் ஃபோனில் மூலக் கோப்பு இருக்கிறதா, பழைய ஆல்பம் என்றால் நெகட்டிவ் உறை பின்னால் செருகியிருக்கிறதா என்று கேளுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

இருட்டறை:

நல்ல தொடக்கம். ஸ்கேன் பற்றி நான் சொல்கிறேன்.

35×45 மி.மீ. அளவுள்ள பாஸ்போர்ட் படத்தைப் பலரும் அலட்சியமாக ஒதுக்குகிறார்கள். அதில் முகம் 34 மி.மீ. வரை இருக்கும். 1200 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 1200 புள்ளி) ஸ்கேன் செய்தால் முகத்துக்கு மட்டும் 1600 பிக்சல். முன் பார்வையும் சமமான ஒளியும் இருப்பதால், பல வீடுகளில் அதுதான் உண்மையிலேயே சிறந்த மூலம். 1200-க்கு மேல் போக வேண்டாம். காகிதத்தின் நார்தான் பெரிதாகும், முகம் ஆகாது. நெகட்டிவ் கிடைத்தால் 3200 அல்லது 4000. தட்டையான ஸ்கேனர்களின் பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணை நம்பாதீர்கள், உண்மையில் அவற்றுக்குப் பிடிபடும் விவரம் அதைவிடக் குறைவு.

ஸ்கேனரில் தானியங்கித் திருத்தம் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். 16 பிட் நிற அளவில், விவரம் இழக்காமல் சேமிக்கும் டிஃப் கோப்பாக எடுங்கள். கறுப்பு வெள்ளைப் படமானாலும் கலரிலேயே ஸ்கேன் செய்யுங்கள். பழைய கறைகள் பெரும்பாலும் மஞ்சள் அல்லது பழுப்பு. கலர்க் கோப்பு சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று சானலாக, அதாவது நிறப் பிரிவாக, இருக்கும். கறைகள் நீலச் சானலில் அழுத்தமாகவும் சிவப்புச் சானலில் லேசாகவும் விழும். கறைதான் பிரச்சினை என்றால் சிவப்புச் சானலை மட்டும் எடுத்துக்கொண்டால் பாதிக் கறை தானே போய்விடும். படம் முழுக்க வெளிறி மஞ்சளாகிவிட்டதென்றால் நேர்மாறு: நீலச் சானலில்தான் இன்னும் கொஞ்சம் அழுத்தம் மிச்சமிருக்கும். கிரேஸ்கேலில் ஸ்கேன் செய்தவருக்கு இந்த இரண்டு வழியும் அடைபட்டுவிடும்.

எழுபது, எண்பதுகளின் கலர் பிரிண்ட் பெட்டிக்குள்ளேயே இருந்தாலும் சிவந்துபோயிருக்கும். சியான் (பச்சைநீலச்) சாயம் முதலில் மங்குவதால் வருவது அது. ஒட்டுமொத்தமாகப் பச்சையும் நீலமும் கூட்டிச் சரிசெய்தால் நெற்றி சரியாகும், தலைமுடி பச்சையாகும். ஒவ்வொரு சானலுக்கும் லெவல்ஸில் (இருள், வெளிச்ச அளவைச் சரிசெய்யும் கருவி) கறுப்பு முனையையும் வெள்ளை முனையையும் தனித்தனியே இழுங்கள். கண்ணின் வெண்மையை வெள்ளைக்கு அளவுகோலாக எடுக்காதீர்கள். யாருக்கும் அது சுத்த வெள்ளை கிடையாது, வயதானவர்களுக்கு நிச்சயமாகக் கிடையாது.

சட்டமும்_கண்ணாடியும்:

ஒரு எச்சரிக்கை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய ஃபிரேமில் படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள். ஈரத்தில் ஜெலட்டின் படலம் இளகிக் கண்ணாடியைப் பிடித்துக் காய்ந்திருக்கும். இழுத்தால் காகிதம் கையில் வரும், முகம் கண்ணாடியில் நிற்கும். பிளேடு விடுவது, ஆவி காட்டுவது, ஹேர் டிரையர் எதுவும் வேண்டாம். பின்பலகையை மட்டும் கழற்றி, கண்ணாடியின் வெளிப்பக்கத்தை நன்றாகத் துடைத்து, கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேனரில் கவிழ்த்து எடுங்கள். கண்ணாடி கனமானதால் ஸ்கேனரில் கூர்மை குறைந்தால் கேமராவில் எடுங்கள். இரு பக்கமும் 45 பாகையில் சமமான இரண்டு விளக்கு, கேமரா படத்துக்கு நேர் செங்குத்தாக, கேமராவுக்குப் பின்னால் ஒரு கறுப்புத் துணி.

புதுச்சுருள்:

தேன்கூடு மாதிரி மேடு பள்ளம் உள்ள பழைய சில்க் பேப்பர் படங்களை என்ன செய்வது? ஸ்கேன் செய்தால் முகம் முழுக்கப் புள்ளிப் புள்ளியாக மின்னுகிறது.

இருட்டறை:

ஸ்கேனரின் விளக்கு ஒரு பக்கத்திலிருந்து வருவதால் ஒவ்வொரு மேட்டிலும் ஒரு மினுக்கு விழுகிறது. படத்தை 180 பாகை திருப்பி இன்னொரு முறை ஸ்கேன் செய்யுங்கள். இரண்டையும் நேராக்கி ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, மேலடுக்கை 50 சதவீதம் ஆக்கினால் பெரும்பகுதி அடங்கிவிடும். இன்னும் சுத்தமாக வேண்டுமென்றால் கேமரா வழி: விளக்குகளுக்கு முன் போலரைசர் (எதிரொளியை வடிகட்ட உதவும்) தாள், லென்ஸில் போலரைசர் ஃபில்டர், மினுக்கு மறையும்வரை ஃபில்டரைத் திருப்ப வேண்டும். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களின் இருண்ட ஓரங்களில் நீலமாகப் பளபளக்கும் வெள்ளிப் பூச்சுக்கும் இதே வழி உதவும்.

மங்கலாக்கும் ஃபில்டர் போட்டு மறைக்காதீர்கள். புள்ளியோடு சுருக்கமும் போய்விடும்.

நிழல்தச்சர்:

டச்சிங்கில்தான் நாம் அதிகம் கெடுக்கிறோம் என்பது என் கருத்து. தூசி, கீறல், மடிப்பு, கறை இவை படத்தின் காயங்கள். மச்சம், தழும்பு, சுருக்கம், சற்றே இறங்கிய ஒரு பக்க இமை இவை அவருடையவை. கைவைக்கும் முன் வீட்டாரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "கன்னத்தில் இருக்கிற இது கறையா, மச்சமா?" குழப்பம் எப்போதும் அங்கேதான் வரும்.

எல்லாத் திருத்தமும் தனி அடுக்கில் இருக்கட்டும், மூலம் தொடப்படாமல் கீழே இருக்கட்டும். பாதி முகம் சிதைந்திருந்தால் மறுபாதியைத் திருப்பி ஒட்டும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். எந்த முகமும் இரு பக்கமும் ஒன்று போல இருக்காது. ஒட்டியதும் ஆள் மாறிவிடும், ஏனென்று பார்ப்பவர்களுக்குச் சொல்லத் தெரியாது. கண்மணியில் விழும் ஒளிப்புள்ளி மங்கியிருந்தால் இரண்டு கண்ணிலும் ஒரே மணி முள் திசையில் வையுங்கள். முகத்தில் ஒளி வலப்பக்கமிருந்து வந்து, புள்ளி இடப்பக்கம் இருந்தால் பார்வை உயிரற்றுப் போகும்.

இன்னொன்று, இடவலம். நெகட்டிவை முன்பின் பக்கம் மாற்றி வைத்து ஸ்கேன் செய்ததும், ஃபோனின் முன் கேமரா கண்ணாடி போலத் திருப்பிச் சேமித்ததும் நிறைய வருகிறது. வகிடு, மச்சம் எந்தப் பக்கம் என்று கேளுங்கள். கேட்க ஆளில்லையென்றால் ஆண்கள் சட்டையைப் பாருங்கள்: பொத்தான் அணிந்திருப்பவரின் வலப்பக்கத்தில் இருக்க வேண்டும். பின்னணியில் ஏதாவது எழுத்து இருந்தால் கேள்வியே இல்லை. தன் முகத்தை அவர் பார்த்தது கண்ணாடியில், ஆனால் வீட்டார் அவரைப் பார்த்தது நேரே. திரும்பிய படம் அவர்களுக்கு உடனே உறுத்தும்.

புதுச்சுருள்:

ஏஐ கருவிகள் ஒரே சொடுக்கில் முகத்தைத் தெளிவாக்கித் தருகின்றனவே. அவசரத்துக்கு அதைப் பயன்படுத்தக் கூடாதா?

நிழல்தச்சர்:

அது என்ன செய்கிறது என்று தெரிந்து பயன்படுத்தலாம். 2021-ல் வந்த ஜிஎஃப்பிகேன், அடுத்த ஆண்டு வந்த கோட்ஃபார்மர் போன்றவை ஏராளமான முகங்களைப் பார்த்துப் பழகியவை. மங்கலான கண் ஒன்றைக் கொடுத்தால், "இப்படி ஒரு மங்கலுக்கு எந்தக் கண் பொருந்தும்" என்று தன் பழக்கத்திலிருந்து ஒரு கண்ணை வைக்கும். அது அழகான கண்ணாகவே இருக்கும், ஆனால் அவருடைய கண்ணாக இருக்க வேண்டிய அவசியமில்லை. அதிகம் மாறுவது இமை மடிப்பு, பல்வரிசை, மூக்கு நுனி, உதட்டோரம். முதியவர்கள் பத்து வயது குறைந்துவிடுவார்கள்.

நான் ஒப்புக்கொள்ளும் அளவு: ஏஐ தந்ததை மேலடுக்காக வைத்து 30, 40 சதவீதத்துக்கு இறக்கி, கண், வாய், மூக்கு மூன்றையும் மாஸ்க் போட்டு மறைத்து மூலத்துக்கே விட்டுவிடுவது. தோல், முடி, உடை, பின்னணிக்கு மட்டும் உதவட்டும். பிறகு மேலடுக்கை அணைத்து அணைத்துப் போட்டுப் பாருங்கள். முகபாவம் மாறித் துள்ளினால் இன்னும் இறக்குங்கள்.

கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வண்ணம் ஏற்றுவதும் இதே கதைதான். சேலையின் நிறம், கண்ணின் நிறம், தோலின் நிறம் எல்லாம் ஊகம். தோலை வெளுப்பாக்கும் சாய்வு அவற்றில் அடிக்கடி தெரிகிறது, அதை நான் சிறு பிழையாக நினைக்கவில்லை. வண்ணம்தான் வேண்டுமென்றால் உயிரோடு இருக்கும் உடன்பிறந்தவர் ஒருவரின் கலர்ப் படத்தை அளவுகோலாக வைத்துக் கையால் ஏற்றுங்கள்.

சன்னலொளி:

ஒரு இடத்தில் உடன்பட முடியவில்லை. தெளிவே இல்லாத ஒரே ஒரு படம்தான் மிச்சம் என்றிருக்கும் குடும்பத்துக்கு, கொஞ்சம் ஊகம் கலந்த முகமாவது கொடுப்பது ஆறுதல் இல்லையா? மறுத்து அனுப்புவது எளிது, அவர்கள் வெறுங்கையோடு போவார்கள்.

நிழல்தச்சர்:

மறுத்து அனுப்பச் சொல்லவில்லை, அளவைக் குறைக்கச் சொல்கிறேன். 120 பிக்சல் முகத்தை 12×18-க்கு இழுத்தால் ஊகம்தான் சுவரில் தொங்கும். அதையே 4×6-ல், முகம் ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக, சுற்றியிருந்த மற்றவர்களையும் கொஞ்சம் விட்டு அச்சிட்டு, அகலமான மவுண்ட் (படத்தைச் சுற்றி வைக்கும் அட்டை) போட்டுப் பெரிய ஃபிரேமில் வைத்தால் படம் உண்மையாகவும் இருக்கும், மதிப்பாகவும் தெரியும். அப்படியும் ஏஐ படமே வேண்டுமென்றால் பின்பக்கம் எழுதி வையுங்கள், மூலத்தையும் அதே உறையில் வையுங்கள். பேரப்பிள்ளைகள் எது ஃபோட்டோ, எது வரைந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

சன்னலொளி:

அந்த அகல மவுண்ட் யோசனை சரி. ஏற்றுக்கொள்கிறேன்.

ஒளிமானி:

இன்னொரு கேள்வியும் அடிக்கடி வருகிறது. இறந்த பிறகு எடுத்த படத்தில் "கண்ணைத் திறந்து கொடுங்கள்" என்கிறார்கள்.

சன்னலொளி:

இறந்தவர்களைப் படம் எடுப்பது என் பகுதி, விரிவாகச் சொல்கிறேன்.

கண்ணைத் திறக்கும் வேலையை நான் செய்யச் சொல்ல மாட்டேன். கண் திறந்தால் இமை மட்டும் அசைவதில்லை, புருவம், கன்னத்தின் மேல்பகுதி, நெற்றி எல்லாம் சேர்ந்து அசையும். தளர்ந்த முகத்தில் விழித்த கண்ணை மட்டும் ஒட்டினால் திகைத்த பார்வை வந்துவிடும். உயிரோடிருந்தபோது எடுத்த படம், எவ்வளவு சுமாராக இருந்தாலும், அதிலிருந்தே நினைவுப் படம் செய்யுங்கள். இறந்த பின் எடுத்தது உறங்கும் முகமாகவே இருக்கட்டும்.

எடுக்கும் முறை. ஒளி தலைப்பக்கத்திலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ சற்று மேலிருந்து வர வேண்டும். கால்பக்கமிருந்து வந்தால் மோவாயும் மூக்குத்துளையும் வெளிச்சமாகி முகம் அச்சமூட்டும். சன்னல் இருந்தால் அறையின் மற்ற விளக்குகளை அணைத்துவிடுங்கள். சன்னல் ஒளியும் மஞ்சள் பல்பும் கலந்தால் வெளிறிய தோலில் திட்டுத்திட்டாக இரண்டு நிறம் விழும், பிறகு பிரிக்கவே முடியாது. நேரடி ஃபிளாஷ் வேண்டாம். கால்பக்கம் நின்று எடுக்காதீர்கள். தோள்பக்கம் ஒரு முக்காலியில் ஏறி, முகத்தின் தளத்துக்குச் செங்குத்தாகக் கேமராவைச் சாய்த்து எடுத்தால் நின்று பார்க்கும் முகம் போல வரும். முழு ஃபிரேம் கேமராவில் 50 முதல் 85 மி.மீ. லென்ஸ் போடுங்கள். ஃபோன் என்றால் 2எக்ஸ் வைத்துத் தள்ளி நில்லுங்கள். அருகில் போனால் மூக்கு பெருக்கும்.

நேரமும் முக்கியம். முகத் தசையும் தாடையும்தான் முதலில் இறுகத் தொடங்கும், 2 மணி நேரத்திலிருந்தே. இமையையும் வாயையும் அதற்கு முன்பே மூடி வைத்திருந்தால் படம் அமைதியாக இருக்கும். இரத்தம் கீழ்ப்பகுதிக்கு இறங்குவதால் காது, கழுத்துப் பின்புறம் கருஞ்சிவப்பாகும். தலைக்குக் கீழே தலையணை வைத்து உயர்த்தியிருந்தால் முகத்தில் அது குறையும்.

கண்ணாடி மூடிய குளிர்பெட்டியில் இருந்தால் கண்ணாடியில் நீர் பூத்திருக்கும். உலர்ந்த துணியால் துடைத்த உடனே எடுக்க வேண்டும், சில நிமிடத்தில் மறுபடி பூக்கும். எதிரொளியைத் தவிர்க்கக் கறுப்புச் சட்டை, லென்ஸைக் கண்ணாடிக்கு ஒட்டினாற்போல் வைப்பது, போலரைசர். உள்பக்கம் பூத்திருந்தால் மூடியைத் திறக்க வீட்டாரிடம் கேட்கலாம், நீங்களாகத் திறக்கக் கூடாது.

ராவில் எடுங்கள். முகத்தோடு நிறுத்தாமல் கைகளையும் எடுங்கள். பிற்காலத்தில் பலர் திரும்பத் திரும்பப் பார்ப்பது கைகளைத்தான். குடும்பத்தில் ஒரே ஒருவரிடம் அனுமதி கேட்டு, அவரிடமே கோப்பைக் கொடுங்கள். குழுக்களில் நீங்கள் போடக் கூடாது.

பிறந்ததும் இறந்த குழந்தைகளுக்கு இது இன்னும் நுட்பம். அமெரிக்காவில் 2005-ல் தொடங்கிய நவ் ஐ லே மீ டவுன் டு ஸ்லீப் என்ற தொண்டு அமைப்பு இதையே செய்கிறது. தோல் மிக மெல்லியது, துடைக்கவோ தேய்க்கவோ கூடாது. சிவந்தும் கருத்தும் இருக்கும் நிறத்தைக் கறுப்பு வெள்ளையாக்கும்போது சிவப்புச் சானலை அதிகம் சேர்த்தால் திட்டுகள் இளகும். பெற்றோரின் கையில் குழந்தையின் பாதம், விரல், காது மடல் எல்லாம் தனித்தனியே வேண்டும். அந்தப் பெற்றோருக்கு வேறு படம் என்று ஒன்று எப்போதும் இருக்கப்போவதில்லை. அவர்கள் இன்று பார்க்க மறுத்தாலும் கோப்பை அழிக்காதீர்கள். கேட்கும் நாள் வரும்.

புதுச்சுருள்:

பழங்காலத்தில் இறந்தவரைத் தாங்கியில் நிறுத்தி வைத்து எடுத்தார்கள் என்று படங்களோடு உலவுகிறதே?

இருட்டறை:

தவறு. 1839-ல் டகேரோடைப் என்ற தொடக்ககால ஒளிப்பட முறை வந்தபோது, படம் பதியும் அளவுக்கு ஒளி பட நிமிடக் கணக்கில் ஆகும். உயிருள்ளவர்கள் தலை அசையாமல் இருக்கத்தான் பின்னால் அந்தத் தாங்கி. அதன் மெல்லிய கம்பி ஓர் உடலின் எடையைத் தாங்காது. தாங்கியின் கால் தெரிந்தால் அவர் உயிரோடு நிற்கிறார் என்று பொருள். இறந்தவர்களைப் பெரும்பாலும் படுக்கையில், பெட்டியில், தாயின் மடியில் உறங்குவது போலத்தான் எடுத்தார்கள். நீண்ட ஒளிபடலில் அசையாதவர் கூர்மையாகவும் அருகிலிருப்பவர் சற்றுக் கலங்கியும் விழுவதுண்டு.

சட்டமும்_கண்ணாடியும்:

அச்சும் ஃபிரேமும் யாரும் இன்னும் பேசவில்லை.

படம் கண்ணாடியைத் தொடக் கூடாது. நான் மேலே சொன்ன ஒட்டல் எல்லாம் இதனால் வந்தது. மவுண்ட் போர்டோ ஸ்பேசரோ கொடுத்து 2, 3 மி.மீ. இடைவெளி விடுங்கள். போர்டு அமிலமற்றதாக இருக்க வேண்டும், சாதாரண அட்டை சில வருடத்தில் ஓரத்தில் பழுப்புக் கோடு போடும். படத்தைப் பசையால் முழுக்க ஒட்டாமல் மேல் விளிம்பில் மட்டும் காகிதக் கீலில் தொங்கவிடுங்கள், ஈரத்துக்கு விரியும்போது அலை விழாது. சூடான லேமினேஷன் வேண்டாம்; பிரிக்க முடியாது. பளபளப்புத் தாளைவிட லஸ்டர் (அரைப் பளபளப்புத் தாள்) நல்லது, எதிரொளியும் விரல் தடமும் குறைவு.

பின்பக்கம் நாடா ஒட்டிப் பூச்சி, தூசி புகாமல் மூடி, கீழ் இரண்டு மூலையிலும் ரப்பர் குமிழ் ஒட்டுங்கள். சுவருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே காற்று ஓடும். மழை படும் வெளிச்சுவரிலும் வெயில் விழும் இடத்திலும் மாட்டாதீர்கள். படத்தின் முன் ஈரப் பூவோ சுடரோ வைக்கும் வீட்டில், பூவின் நீர் ஃபிரேமின் கீழ் விளிம்பில் இறங்கி மவுண்ட்டை ஊறவைக்கும், சுடரின் கரி கண்ணாடியில் படியும். சுடர் நேர் கீழே வேண்டாம், பக்கவாட்டில் தள்ளி இருக்கட்டும். கண்ணாடியைத் துடைக்கும்போது திரவத்தைத் துணியில் தெளியுங்கள், கண்ணாடியில் தெளித்தால் விளிம்பு வழியாக உள்ளே போகும்.

ஆவணப்பெட்டி:

படம் கிடைக்காமல் போவதற்கு இப்போது முக்கியக் காரணம் பூட்டிய ஃபோன். இறந்தவரின் சிம்மை அவசரப்பட்டு ரத்து செய்யாதீர்கள், ஃபோனை ரீசெட் செய்யாதீர்கள். ஓடிபி எல்லாம் அந்த எண்ணுக்குத்தான் வரும். ஊகித்து ஊகித்துத் தவறான கடவெண் போட்டால் சில ஃபோன்கள் நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும்.

உயிரோடு இருக்கும்போதே செய்ய வேண்டியவை: ஆப்பிளில் லெகசி கான்டாக்ட் (இறந்த பின் கணக்கைப் பார்க்க நீங்களே நியமிக்கும் ஆள்), ஐஓஎஸ் 15.2-லிருந்து இருக்கிறது. கூகுளில் இனாக்டிவ் அக்கவுன்ட் மேனேஜர் (கணக்கு நெடுநாள் பயன்படாவிட்டால் நீங்கள் சொன்னவருக்குத் தரவைத் தரும் வசதி), 3 முதல் 18 மாதம் வரை காத்திருப்பு வைக்கலாம். இரண்டு வருடம் தொடாத கூகுள் கணக்கு அழிக்கப்படலாம் என்பதால் படங்களை அங்கேயே விட்டுவைப்பது ஆபத்து. ஃபேஸ்புக்கிலும் 2015-லிருந்து லெகசி கான்டாக்ட் உண்டு.

கிடைத்ததை மூன்று பிரதியாக, இரண்டு வகைச் சாதனத்தில், ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். கோப்புப் பெயரில் ஆண்டு, பெயர், உறவு மூன்றும் இருக்கட்டும். பழைய நார்க் காகிதப் படத்தின் பின்னால் மென்மையான பென்சிலில் எழுதலாம். பிளாஸ்டிக் பூச்சுள்ள தாளில் பென்சில் பதியாது, பால்பாயின்ட் பேனா முன்பக்கம் மேடாகத் தெரியும், உறையில் எழுதுங்கள். குரலையும் மறக்காதீர்கள். வாட்ஸ்அப் குரல் செய்திகளை அரட்டையோடு ஏற்றுமதி செய்து தனியே சேமிக்கலாம்.

சன்னலொளி:

இதில் எதுவும் தேவைப்படாத வழி ஒன்று உண்டு. கொரியாவில் முதியவர்கள் தாங்களே முன்கூட்டி இந்தப் படத்தை எடுத்து வைக்கிறார்கள், நீண்ட ஆயுள் படம் என்ற பெயரில். கால் மணி நேர வேலை. சன்னலுக்குப் பக்கவாட்டில் நாற்காலி, கேமரா கண் மட்டத்தில், ஒன்றரை மீட்டர் தூரம். மூக்குக்கண்ணாடி வழக்கமாக அணிபவர் என்றால் கழற்றச் சொல்லாதீர்கள். காதுப்பக்கக் கம்பியைச் சற்று உயர்த்தினால் கண்ணாடி கீழ்நோக்கிச் சாய்ந்து எதிரொளி போய்விடும். பல்செட், காது கேட்கும் கருவி இருந்தால் அப்படியே இருக்கட்டும். கேமராவுக்குப் பக்கத்தில் பேரனோ பேத்தியோ உட்கார்ந்து பேச்சுக் கொடுக்கட்டும்.

ஒளிமானி:

எது வைப்பது, சிரித்ததா சிரிக்காததா?

சன்னலொளி:

இரண்டும் எடுங்கள். எதை வைப்பது என்பதை அவரிடமே கேளுங்கள்.